பழைய வைஃபைக்கு யார் பொறுப்பு?

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 போடலாமென்றால் பழைய பிராசஸர்களை அது ஏற்பதில்லை. கணினி ஆர்வலர்கள் மட்டும் பேசிக்கொண்டிருந்த லினக்ஸ், இப்போது சாதாரண வீடுகளுக்கும் தேவையாகிவிட்டது.

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பக்கம் இந்தத் தேவை அதிகம். தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் லேப்டாப் வாங்கினார்கள். பிளஸ் டூவில் வாங்கிய பிள்ளை படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டது. மெஷின் மட்டும் வீட்டிலேயே தங்கி, தம்பி தங்கையின் படிப்புக்கும், அப்பாவின் தீபாவளி விலைப்பட்டியலுக்கும், காலண்டர் ஆர்டர் கணக்குக்கும் உழைக்கிறது. அரசு கொடுக்கும்போதே விண்டோஸோடு பாஸ் லினக்ஸையும் போட்டுத்தான் கொடுத்தது. டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாக வைத்து, மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கியது அது. நான் பார்த்த வீடுகளில் அதைத் திறந்தவர்கள் குறைவு.

தீபாவளி முடிந்த பிறகு சிவகாசியில் தெரிந்த சர்வீஸ் கடை ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். புதிதாக லினக்ஸ் ஏற்றிய லேப்டாப்பைக் கடைக்காரத் தம்பி என் பக்கம் திருப்பினார். “அண்ணாச்சி, சவுண்டு வருது, கேமரா வருது, வைஃபை மட்டும் வரவே மாட்டேங்குது.” திரையின் மூலையில் வைஃபை சின்னமே இல்லை. சிப்பின் அடையாள எண்ணை எடுத்துப் பார்த்தோம். அந்த எண்ணின் முதல் பாதி, தயாரித்தது யார் என்று சொல்லிவிடும். இன்டெல் என்றால் 8086. இது வேறு எண். சிப்பை இயக்கும் நிரலான டிரைவர், லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் இருந்தது. சிப்புக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கோப்புதான் இல்லை. உரிமச் சிக்கலால் லினக்ஸோடு சேர்த்துத் தர முடியாத ஃபர்ம்வேர்கள் சில உண்டு. அவற்றை இணையத்திலிருந்து இறக்கித்தான் போட வேண்டும். இணையத்துக்குப் போக வைஃபை வேண்டும், வைஃபை வர இணையம் வேண்டும். கடைசியில் மொபைலை யூஎஸ்பி கேபிளில் மாட்டி, டெதரிங் போட்டு இறக்கினோம். மெஷின் மறுபடி பூட் ஆனதும் அந்தத் தெருவின் வைஃபை பெயர்களெல்லாம் வரிசையாக வந்து நின்றன.

கேபிள் விஷயம் தெரிந்தால் அரை மணி நேர வேலை. தெரியாதவர் அந்த லேப்டாப்பைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார். இந்த டிரைவர்களைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இவற்றை எழுதியவர்கள் பலர் ஒரு பைசா வாங்காதவர்கள். 2000களின் தொடக்கத்தில் பிராட்காம் தன் வைஃபை சிப்களுக்கு லினக்ஸ் டிரைவரும் தரவில்லை, ஆவணமும் தரவில்லை. ஆர்வலர்கள் இரண்டு குழுவாகப் பிரிந்தார்கள். ஒரு குழு ஏற்கெனவே இருந்த டிரைவரைப் பிரித்துப் படித்து, சிப் எப்படி நடந்துகொள்கிறது என்று குறிப்பெழுதியது. மற்றது அந்தக் குறிப்பை மட்டும் வைத்துப் புது டிரைவர் எழுதியது. பதிப்புரிமை வழக்கு வராமலிருக்க அப்படி ஒரு ஏற்பாடு. 2006இல் அது கெர்னலுக்குள் வந்தது. அந்த டிரைவரையும், பிறகு ரியல்டெக் சிப்களின் டிரைவர்களையும் நெடுங்காலம் தாங்கியவர்களில் ஒருவர் அமெரிக்கரான லாரி ஃபிங்கர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட திருத்தங்கள் அவர் பெயரில் கெர்னலில் இருக்கின்றன. 2024 ஜூனில், 84 வயதில் காலமானார். நம் பக்கத்து மலிவு விலை யூஎஸ்பி டாங்கிள் எத்தனையோ அவருடைய உழைப்பில் ஓடியிருக்கும். அவர் பெயரை இங்கே எழுதிவைப்பது என் கடமை என்று நினைக்கிறேன்.

இன்னொரு பக்கம், டிரைவர்களுக்கும் ஓய்வு கொடுத்தாக வேண்டியிருக்கிறது. 2023 அக்டோபரில் கெர்னல் டெவலப்பர் ஆர்ன்ட் பெர்க்மன் பல பழைய வைஃபை டிரைவர்களை நீக்கும் திருத்தங்களை முன்வைத்தார். பெரும்பாலும் லேப்டாப்பில் செருகும் பிசிஎம்சிஐஏ அட்டைக் காலத்தவை, 11 எம்பிபிஎஸ் வேகத்தைத் தாண்டாதவை. அந்தக் காலத்து வைஃபைக்கான வெப் (WEP) என்ற பாதுகாப்புப் பூட்டு 2001லேயே உடைக்கப்பட்டுவிட்டது. லினக்ஸ் வைஃபையின் உள்கட்டமைப்பும் 2007 வாக்கில் மாறிவிட்டது. இவை பழைய முறையையே பிடித்துக்கொண்டிருந்தன. உள்ளே எதை மாற்றினாலும் இந்த டிரைவர்களையும் அதற்கேற்பத் திருத்த வேண்டும். திருத்தியவரிடம் சோதித்துப் பார்க்க அந்த அட்டை இருக்காது. ஓடுகிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாத குறியீட்டைச் சுமப்பதில் அர்த்தமில்லை, அதில் பாதுகாப்பு ஓட்டைக்கும் இடமுண்டு. இந்த ஓய்வை நான் ஆதரிக்கிறேன்.

அப்படிப் போனவற்றில் ஹோஸ்ட்ஏபி என்று ஒன்று. பிரிசம் என்ற பழைய வைஃபை சிப்களுக்காக யோவுனி மலினென் எழுதியது. சாதாரண வைஃபை அட்டையையே ரவுட்டர்போல வேலை செய்ய வைத்த டிரைவர். அதன் துணைக்கு எழுதிய ஹோஸ்ட்ஏபிடி என்ற நிரல் தனியாக வளர்ந்து, இன்று உலகத்தின் எத்தனையோ ரவுட்டர்களிலும் ஆண்ட்ராய்டு மொபைல்களின் ஹாட்ஸ்பாட்டிலும் ஓடுகிறது. பட்டாசுக் கடையில் மொபைல் ஹாட்ஸ்பாட் போட்டு பில் அடிக்கிற பையனுக்கும் அந்தப் பழைய டிரைவரோடு சொந்தம் இருக்கிறது. டிரைவருக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள், அதிலிருந்து கிளைத்தது நன்றாகவே இருக்கிறது.

எல்லாப் பழையதும் போய்விடவில்லை. 2003, 2004 காலத்து சென்ட்ரினோ லேப்டாப்களில் இருந்த இன்டெல் வைஃபையின் டிரைவர் அந்தச் சுத்திகரிப்பில் தப்பியது. வயதைப் பார்த்து முடிவு செய்வதில்லை, பார்த்துக்கொள்ள ஆள் உண்டா என்றுதான் பார்க்கிறார்கள். சிவகாசி அச்சகங்களில் பழைய லெட்டர்பிரஸ் சிலிண்டர் மெஷின்கள் இன்னும் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அச்சடிக்கும் வேலை ஆஃப்செட்டுக்குப் போய் வெகுகாலம் ஆகிறது, இவை டை கட்டிங்குக்கும் நம்பரிங்குக்கும் ஓடுகின்றன. மெஷினின் சத்தத்தைக் கேட்டே எங்கே தேய்ந்திருக்கிறது என்று சொல்லும் ஒருவர் அங்கே இருக்கும்வரை அந்த மெஷின் கழிவில்லை.

என் கவலை இதுதான். ஒரு டிரைவரை நீக்கும் முன் “இதை யாராவது பயன்படுத்துகிறீர்களா?” என்று டெவலப்பர்கள் கேட்கிறார்கள். ஒருவர் ஆமாம் என்று சொல்லி, சோதித்துத் தரவும் முன்வந்தால் பெரும்பாலும் விட்டுவைப்பார்கள். அந்தக் கேள்வி சாத்தூருக்கும் திருத்தங்கலுக்கும் வந்து சேர்வதே இல்லை. பழைய மெஷின் அதிகம் ஓடுவது நம்மைப் போன்ற ஊர்களில், பதில் வருவது வேறெங்கிருந்தோ. 2011இன் லேப்டாப்பில் உள்ள வைஃபை சிப்பின் முறை ஒருநாள் வரும். அப்போது நம் மௌனத்தை, பயன்படுத்துவோர் இல்லை என்றுதானே எடுத்துக்கொள்வார்கள்?

டிரைவர் பராமரிப்பு தமிழ்நாட்டுக்கு எட்டாத வேலையும் இல்லை. 2008இல் ஏத்தரோஸ் நிறுவனம் தன் சிப்களுக்கு முழுத் திறந்தமூல டிரைவரான ஏத்9கே-வை வெளியிட்டது; அதன் பராமரிப்பாளர் பட்டியலில் தமிழ்ப் பெயர்களும் இருந்திருக்கின்றன. அந்த நிறுவனத்துக்குச் சென்னையில் அலுவலகமும் இருந்தது. 2011இல் அதைக் குவால்காம் வாங்கிவிட்டது. 2013இல் அந்தக் குடும்பத்தின் யூஎஸ்பி சிப்களுக்கான ஃபர்ம்வேரின் மூலக்குறியீடும் வெளியானது. பதினைந்து ஆண்டு தாண்டியும் அந்தச் சிப் உள்ள லேப்டாப்பில் லினக்ஸ் ஏற்றினால், ஒன்றும் செய்யாமலே வைஃபை வருகிறது. டிரைவர் திறந்திருந்தால் எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தரும் அறிவிப்பு 2025-26 மாநில பட்ஜெட்டில் வந்தது. இனி வரும் ஒவ்வொரு டெண்டரிலும் ஒரு வரி சேர்க்கச் சொல்கிறேன்: வைஃபை சிப்பின் டிரைவர் லினக்ஸ் கெர்னலின் மூலத்துக்குள்ளேயே இருக்க வேண்டும், ஃபர்ம்வேரை யாரும் பகிர உரிமம் இருக்க வேண்டும். தயாரிப்பாளர் தனியாகத் தரும் டிரைவர் அடுத்த கெர்னல் மாறும்போதே முறிந்துபோகக்கூடும். அதை நம்பி லட்சக்கணக்கில் வாங்கக் கூடாது.

சிவகாசி மெப்கோவிலும் கிருஷ்ணன்கோவில் கலசலிங்கத்திலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். விலையில்லா லேப்டாப்களை ஒவ்வொரு மாடலிலும் ஒன்று வீதம் ஊரில் கேட்டு வாங்கி லேபில் வையுங்கள். புதுக் கெர்னல் ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. வந்ததும் ஏற்றி, வைஃபை இணைகிறதா, தூங்கி எழுந்தால் தொடர்பு திரும்புகிறதா, வேகம் குறைகிறதா என்று பார்த்து, சிப்பின் எண்ணோடு அந்த டிரைவரின் பராமரிப்பாளருக்கு எழுதுங்கள். ஓடவில்லை என்றாலும் எழுதுங்கள், எந்தத் திருத்தத்தில் முறிந்தது என்று தேட அந்தத் தகவல் அவருக்கு வேண்டும்.