இளவரசியும் முக்காட்டுச் சிறுமியும்

1984 ஜூலையில் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸின் முதல் இதழ் வந்தது. தலைப்பு, 'கத்தி முனையில் மாடஸ்டி'. இரும்புக்கை மாயாவி என்ற ஆண் நாயகன் கொடிகட்டிப் பறந்த காலத்தில், புதிதாகக் கடை விரித்தவர்கள் ஒரு பெண்ணை நம்பிக் களமிறங்கினார்கள். மூலக் கதையில் மாடஸ்டி பிளைஸியை அவளுடைய கூட்டாளி வில்லி கார்வின் 'இளவரசி' என்றுதான் கூப்பிடுவான். அந்தப் பெயர் தமிழ் வாசகர்கள் வாயிலும் ஒட்டிக்கொண்டது.

பெண்ணை நாயகியாகப் போட்டால் காமிக்ஸ் போணியாகாது என்று அடித்துச் சொல்பவர்கள் இன்றும் உண்டு. அவர்களுக்கு இளவரசியே பதில்.

ஆனால் இளவரசியை விமர்சிக்கும் வாசகர்கள் கேட்கும் கேள்வியையும் தள்ளிவிட முடியாது. இவள் யார் கற்பனை? 1942இல் பாரசீகத்தில் பணியிலிருந்தபோது பீட்டர் ஓ'டானல் என்ற ஆங்கிலேயச் சிப்பாய், தன்னந்தனியாகத் திரிந்த ஓர் அகதிச் சிறுமியைக் கண்டார். அவள் நினைவில் பிறந்த மாடஸ்டி, 1963இல் லண்டனின் ஈவினிங் ஸ்டாண்டர்டு நாளிதழில் அறிமுகமானாள். கார்வின் அவளுக்குத் தோழன் மட்டுமே, காதலன் ஆவதே இல்லை. அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். அதே மாடஸ்டி, எதிரிகளை ஒரு கணம் திகைக்க வைக்க மேலாடையைக் களைந்துவிட்டு உள்ளே நுழைவதும் உண்டு. 2001 வரை அவளை வரைந்த ஓவியர்கள் எல்லாரும் ஆண்கள்.

பெண்கள் வரைய முன்வரவில்லையா? வந்தார்கள். அமெரிக்காவில் டேலியா மெஸிக் பெயரை 'டேல்' என்று சுருக்கிக்கொண்டார். அப்போதுதான் பத்திரிகை ஆசிரியர்கள் ஆணா பெண்ணா என்று தெரியாமல் படங்களைப் பார்ப்பார்கள். 1940இல் அவருடைய பெண் நிருபர் 'பிரெண்டா ஸ்டார்' நாளிதழுக்கு வந்தாள். மெஸிக் ஓய்வு பெற்ற பிறகும் பெண்களே எழுதி வரைந்து, 2011 தொடக்கம் வரை அந்தத் தொடரை நடத்தினார்கள்.

இத்தனைக்கும் பிறகு, பிரான்சின் அங்குலேம் காமிக்ஸ் விழா 2016இல் வாழ்நாள் சாதனைக்கான பெரும் பரிசுக்கு 30 பெயர்களை அறிவித்தது. ஒருவர்கூடப் பெண் இல்லை. காமிக்ஸ் வரலாற்றில் பெண்கள் குறைவு என்று விழாக்குழு சமாளித்தது. ரியாத் சத்தூஃப், டேனியல் க்ளோவ்ஸ் போன்ற ஆண் படைப்பாளிகளே தங்கள் பெயரை நீக்கச் சொன்னார்கள். கடைசியில் பட்டியலே கைவிடப்பட்டது. அதுவரை அந்தப் பெரும் பரிசை வாங்கிய ஒரே பெண் ஃப்ளோரன்ஸ் செஸ்தாக், 2000இல். சர்ச்சைக்குப் பிறகோ ருமிகோ தகாஹாஷி 2019இலும், ஜூலி டூசே 2022இலும், போசி சிம்மண்ட்ஸ் 2024இலும் பெற்றார்கள். 'குறைவாக' இருந்த பெண்கள் திடீரென்று எங்கிருந்து முளைத்தார்கள்?

தூரிகை பெண் கைக்கு வந்தால் என்ன மாறும் என்பதற்கு மர்ஜானே சத்ரபி தன் குழந்தைப் பருவத்தை வரைந்த 'பெர்சபொலிஸ்' காமிக்ஸ் தொடங்கும் பக்கமே போதும். ஈரான், 1980. பத்து வயதுச் சிறுமி கறுப்பு முக்காட்டோடு நம்மைப் பார்க்கிறாள். அடுத்த கட்டத்தில் வகுப்புப் புகைப்படம். தோழிகள் வரிசையாக அமர்ந்திருக்க, இடது ஓரத்தில் இருக்கும் அவளைக் கட்டத்தின் விளிம்பு வெட்டிவிடுகிறது. சற்றுத் தள்ளி, பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் அந்த முக்காடுகளை முடிச்சுப்போட்டுக் கயிறு தாண்டுகிறார்கள். வெறும் கறுப்பு வெள்ளைதான். முக்காடு போடச் சொல்லி அரசு போட்ட கட்டளையும், அதைக் குழந்தைகள் விளையாட்டாக்கிய குறும்பும் ஒரே பக்கத்தில் வந்துவிடுகின்றன. கவர்ச்சி காட்டவோ பரிதாபம் தேடவோ இவளுக்கு நேரமில்லை. கடவுளோடு வாதாடுகிறாள், பெற்றோரோடு மல்லுக்கு நிற்கிறாள், பொய்யும் சொல்கிறாள்.

இந்தப் புத்தகத்தை விடியல் பதிப்பகம் 'ஈரான்: ஒரு குழந்தைப் பருவத்தின் கதை' என்ற பெயரில் தமிழில் கொண்டுவந்திருக்கிறது. இளவரசியின் பழைய இதழ்களைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் அண்ணன்மார் இதையும் தேடிப் பிடித்துப் படிக்க வேண்டும். படித்த கையோடு வீட்டிலுள்ள பெண் பிள்ளைகளிடம் இரண்டையும் கொடுத்துப் பாருங்கள். இதுவரை அண்ணன்மார் கருத்தையே நிறையக் கேட்டாகிவிட்டது. அடுத்த வாசகர் கடிதத்தை அந்தப் பிள்ளைகள் எழுதட்டும்.