ஆயிரங்கால் மண்டபமும் ஒரு கெண்டை மீனும்



பெங்களூருவில் மரபணு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் என் பழைய மாணவி ஒருவர் போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தார். அன்று சாத்தனூர் டேம் மீன் குழம்பு. "கெண்டையோட மரபணுவை எல்லாம் எப்பவோ படிச்சு முடிச்சிட்டாங்களே, இன்னும் என்னம்மா வேலை?" என்று கேட்டேன். "முடிஞ்சதுன்னு யார் சார் சொன்னாங்க?" என்று சிரித்தார்.

அவர் சொன்னதை நம்ம ஊர்ப் பாணியில் சொல்கிறேன். பெரிய கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் ஒவ்வொரு இடத்தையும் முப்பது முறை படம் எடுத்து, துண்டு துண்டாக வெட்டி, குலுக்கி உங்களிடம் கொடுத்தால் மண்டபத்தை மறுபடி ஒட்ட முடியுமா? தூண்கள் ஒன்றுபோல இருக்கும். இரண்டு தூணை ஒன்றாக ஒட்டிவிடுவீர்கள். கடைசியில் எழுநூறு தூண் மண்டபம் கிடைக்கும், பார்க்க அழகாகவே இருக்கும்! தவறைக் காட்டிக்கொடுப்பது ஒன்றுதான்: ஒரு தூணுக்கு முப்பது படத்துக்குப் பதில் அறுபது சேர்ந்திருக்கும்.

மீன்களில் இந்தத் தொல்லை அதிகம். முப்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்பே எலும்பு மீன்களில் பெரும்பாலானவற்றின் மூதாதைக்கு மரபணுத் தொகுதி முழுவதும் இரட்டித்துவிட்டது. சாதாக் கெண்டைக்கு ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன் இன்னொரு தடவை. வரிக்குதிரை மீனுக்கு 25 ஜோடி குரோமோசோம், இதற்கு 50. தலைகீழ்த் தவறும் உண்டு. அம்மா வழிப் பிரதியும் அப்பா வழிப் பிரதியும் கொஞ்சம் வேறுபட்டால், கணினி ஒரு மரபணுவை இரண்டாக எண்ணிவிடும். சால்மன் ஆய்வாளர்கள் இதைத் தவிர்க்க, தந்தையின் பிரதியை மட்டும் இரட்டிப்பாக்கி வளர்த்த ஒரு பெண் மீனைத் தேடிப் படித்தார்கள். 2016-ல் வெளியிட்டார்கள். அந்தப் பொறுமை எனக்குப் பிடித்தது.

நம் ரோகுவுக்கு 25 ஜோடிதான், கொஞ்சம் சுலபம். 2020-ல் நம் நாட்டு விஞ்ஞானிகள் அதன் வரைவை வெளியிட்டார்கள். 25 குரோமோசோம் வரை ஒட்டிய வரைபடம் 2023-ல் அமெரிக்காவிலிருந்து வந்தது. வரைவு வந்ததும் கைதட்டிவிட்டு அடுத்த ரவுண்டுக்குப் பணம் கேட்க மறந்துவிடுகிறோம் என்பதே என் ஆதங்கம்.

இது படிப்பாளிகளின் சண்டை அல்ல. நோய் எதிர்ப்பு மரபணுக்கள் பல, ஒரே மாதிரிப் பிரதிகளாகக் கொத்துக் கொத்தாகத்தான் இருக்கின்றன. பிசகுவதும் அங்கேதான். புவனேஸ்வரத்து மத்திய நன்னீர் மீன்வள நிறுவனம் 1997-ல் வெளியிட்ட ஜெயந்தி ரோகு, வேகமாக வளரத் தேர்ந்தெடுத்த ரகம். அடுத்து, புண்நோயைத் தாங்கும் ரகம் வேண்டும். இரண்டு மரபணுவை ஒன்றென்று எழுதிய வரைபடத்தை நம்பிக் குஞ்சுகளைத் தேர்ந்தெடுத்தால், நஷ்டம் குளம் குத்தகை எடுத்தவருக்குத்தான்.

ஒரே முகமுள்ள இரட்டையருக்கு நானே பல நாள் வருகையை மாற்றிப் போட்டவன். அதனால் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் திருத்தாமல் பதிவேட்டை மூடியதில்லை. இந்தத் துறையில் இருக்கும் பிள்ளைகள், நான் எங்காவது தப்பாகச் சொல்லியிருந்தால் தயங்காமல் எழுதுங்கள்.