பாக்கி நெல் நாலு கலம்

எங்கள் பெரிய தாத்தாவைப் பற்றி வீட்டில் மூன்று கதைகள் உண்டு. பினாங்கில் துரைக்குக் கார் ஓட்டினார் என்பது ஒன்று. சீனத்தியைக் கட்டிக்கொண்டார் என்பது இன்னொன்று. நேதாஜி படையில் சேர்ந்து துப்பாக்கி பிடித்தார் என்பது மூன்றாவது. கல்யாணம், காதுகுத்து என்று சொந்தம் கூடினால் மூன்றாவதுதான் அதிகம் ஓடும்.

1980 நவம்பரில் கர்ணம், முன்சீப் பதவிகளை ஒழித்த பிறகு, தேர்வு எழுதிக் கிராம நிர்வாக அலுவலராக உள்ளே வந்தவர்களில் நானும் ஒருவன். கீழ்வேளூர் பக்கத்திலேயே வேலை பார்த்து ஓய்வும் பெற்றேன். ஊரார் நிலத்துக்கெல்லாம் சிட்டா, அடங்கல் பார்த்துச் சொன்னவன், சும்மா இருக்கிற நேரத்தில் சொந்தத் தாத்தாவுக்கு ஏதாவது காகிதம் இருக்கிறதா என்று தேடத் தொடங்கினேன்.

இல்லை. இருக்க நியாயமும் இல்லை. ‘அ’ பதிவேட்டில் சர்வே எண் இருக்கும், நஞ்சையா புஞ்சையா என்று இருக்கும், தீர்வை இருக்கும், பட்டாதாரர் பெயர் இருக்கும். அந்த நஞ்சையில் சேறடித்தவன், நாற்று நட்டவள் பெயர் எழுத அதில் பத்தி கிடையாது. எங்களவர்கள் பண்ணையாட்கள். தஞ்சை ஜில்லாவின் பண்ணையாளுக்கென்று அரசாங்கம் சட்டம் போட்டதே 1952இல்தான். குடியிருக்கிற மனை அவனுக்குச் சொந்தம் என்ற சட்டம் 1971இல் வந்தது. அதற்குப் பிறகுதான், அப்பா பெயரில், மூன்று சென்ட் மனைக்கு, எங்கள் குடும்பம் நிலப் பதிவேட்டுக்குள் நுழைந்தது. மிராசு, கோயில் முதல் மரியாதை என்று ஏழு தலைமுறைக்கு வம்சாவளி எழுதி, புத்தகமாகப் போட்டுப் புதுமனை புகுவிழாவில் கொடுக்கிறவர்களையும் பார்க்கிறேன். நல்ல காரியம்தான். அவர்களுக்குத் தேட இடம் இருக்கிறது.

எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி. பெரிய தாத்தா வேலை பார்த்த பண்ணை வீட்டின் பேரன் வக்கீலாக இருக்கிறார். பரணில் கிடந்த பழைய பண்ணைக் கணக்கை இறக்கி, “நீங்களே பாருங்க சார்” என்று என் முன்னால் வைத்தார். இவருடைய தாத்தா எங்கள் தாத்தாவை எப்படிக் கூப்பிட்டிருப்பார் என்று ஒரு நிமிஷம் நினைத்துக்கொண்டேன். நீளவாக்கில் தைத்த நோட்டு. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. ஆளுக்கு ஒரு வரி. பெயர், அப்பன் பெயர், கல்யாணத்துக்கு வாங்கிய நெல், சாவுக்கு வாங்கிய நெல், கழித்தது, பாக்கி. பெரிய தாத்தா பெயருக்கு நேரே ‘பாக்கி நெல் 4 கலம்’. அதன் மேல் ஒரு கோடு இழுத்து, வேறு மையில் ‘பினாங்கு ஓட்டம்’ என்று எழுதியிருந்தது. பக்கத்தைப் புரட்டினால், அதே நாலு கலம் அவருடைய தம்பி, அதாவது என் தாத்தா, பெயரில் ஏறியிருந்தது.

இந்த நாலு கலத்தைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவரும் கதை சொன்னதில்லை.

ஓடுவதற்கு வழி பக்கத்திலேயே இருந்தது. கீழ்வேளூரிலிருந்து நாகப்பட்டினம் ராத்திரியோடு ராத்திரியாக நடந்துவிடுகிற தூரம். மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பும் டிப்போ அங்கே இருந்தது. சென்னைப் பக்கம் ஆவடியில் இன்னொன்று. 1907இல் ஏற்படுத்திய குடியேற்ற நிதியிலிருந்து கப்பல் செலவு கிடைத்ததால் கையில் காலணா இல்லாதவனும் போகலாம். கப்பல் கடலில் தள்ளி நிற்கும், படகில் போய் ஏற வேண்டும். 1938இல் இந்திய அரசு தடை போடும்வரை இப்படி ஆள் போய்க்கொண்டே இருந்தது.

அதற்கும் முன்னால் போனவர்கள் உண்டு. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒன்றரை லட்சம் பேர் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். பெரும்பகுதி சென்னையில் கப்பல் ஏறியவர்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதிய அவர்களுடைய கப்பல் பட்டியல் இன்றும் இருக்கிறது. தோட்டத்தை விட்டு ஓடினால் அடையாளம் காட்ட அது உதவியிருக்கும். ஆனாலும், நிலமில்லாத ஒரு தஞ்சாவூர்க்காரனைத் தகப்பன் பெயரோடும் ஊர்ப் பெயரோடும் எழுதி வைத்த காகிதம் கடல் தாண்டி இருக்கிறது, இங்கே இல்லை. அந்தத் தாளின் நகலோடு கொள்ளுப் பேரப்பிள்ளைகள் வந்து நிற்பார்கள். வேலையில் இருந்தபோது அவர்களுக்கு மோரும் இளநீரும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அதற்கு மேல் கொடுக்க என்னிடம் ஒன்றும் இருந்ததில்லை.

தம்பிக்கோட்டையில் பிறந்த தொழிற்சங்கத் தலைவர் மலாயா கணபதியை 1949 மே 4இல் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். சிங்கப்பூரிலிருந்து திரும்பிய விவசாயிகள் தலைவர் வாட்டாக்குடி இரணியனை 1950இல் போலீஸ் சுட்டுக் கொன்றது. எங்கள் ஊருக்குப் பக்கத்து வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு எரிக்கப்பட்ட 44 பேரின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. கடன், கப்பல், தூக்கு, தீ. இதில் ஏதாவது ஒன்றில் மாட்டினால்தான் டெல்டாவின் உழைப்பாளிக்குப் பெயர் பதிவாகிறது.

நேதாஜி கதைக்கு வருகிறேன். யுத்தம் முடிந்து பெரிய தாத்தா ஒரு தகரப் பெட்டியோடு திரும்பினார். அதில் இன்று மிஞ்சியிருப்பது ஜப்பான்காரன் அச்சடித்த, வாழைமரம் போட்ட, செல்லாத பத்து டாலர் நோட்டு ஒன்று. சின்னப் பெண்ணாக அவரைப் பார்த்த அத்தை சொல்லும் அடையாளம் வேறு: முழங்காலுக்குக் கீழே இரண்டு காலிலும் குழி விழுந்த புண் தழும்பு. “சயாமுக்கு ஓட்டிக்கிட்டுப் போனாங்கன்னு ஒரே ஒரு தடவை சொன்னாரு. அப்புறம் கேட்டா எழுந்து போயிடுவாரு.” 1942-43இல் சயாம்–பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டருக்குப் போடப்பட்டபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் ஆயிரக்கணக்கில் காலராவிலும் பசியிலும் செத்தார்கள். ஆறாத கால் புண் அந்தக் காட்டின் முத்திரை. தாத்தா துப்பாக்கி பிடித்தார் என்பதைவிட, மண் சுமந்து உயிரோடு திரும்பினார் என்பதையே நான் நம்புகிறேன். பிள்ளைகளிடமும் இப்போது அதைத்தான் சொல்கிறேன். தம்பி மகனுக்கு இதில் வருத்தம். நேதாஜியைக் கொடுத்துவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டோமாம்!

சீனத்தி கதைக்கு ஆதாரமும் இல்லை, மறுப்பும் இல்லை. அங்கே பிள்ளை பிறந்திருந்தால், அந்தப் பக்கத்தில் யாரோ நம் ஊர்ப் பெயரை விசாரித்துக்கொண்டிருக்கலாம்.

அவர்களுக்காகவாவது இதைக் கேட்கிறேன். டெல்டாவின் பெரிய வீடுகளில் பண்ணைக் கணக்குகள் இன்னும் கிடக்கின்றன. பழைய கர்ணம் வீடுகளிலும் கட்டுக் கட்டாகக் காகிதம் இருக்கிறது. வீட்டை இடித்துக் கட்டும்போது அவை பழைய பேப்பர் கடைக்குப் போவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். சிலருக்கு அந்தக் கணக்குகளை வெளியே காட்டக் கூச்சம். கூச்சம் வேண்டாம், பழைய பாக்கியை யாரும் கேட்டு வரப்போவதில்லை. நாகப்பட்டினத்தில் மாவட்ட நிர்வாகம் ஓர் ஆவண அறை திறந்து இவற்றை நகல் எடுத்து வைக்கலாம். அதுவரை சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டுப் பெயரை மறைத்து வேண்டுமானாலும் கொடுங்கள், எடைக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள்.