மார்க்கும் மதியும்

ஆண்டுதோறும் கோடையில் பரீட்சை முடிவுகள் வெளியாகும்போது, நிறைய மார்க்கு வாங்கிய பிள்ளைகளின் படங்களை நம் நாட்டுப் பத்திரிகைகள் பிரசுரிக்கின்றன. நாமும் பிரசுரிக்கிறோம். நூற்றுக்கு 99 என்றும் நூற்றுக்கு 100 என்றும் எழுதிப் பெற்றோருடன் சேர்ந்து மகிழ்கிறோம். அந்த மார்க்கு எதற்குச் சாட்சி என்று மட்டும் நாம் கேட்பதில்லை. இன்று அதைக் கேட்க விரும்புகிறோம்.

வாசகர்களில் கலாசாலைப் படிப்புள்ளவர்கள் ஒரு நிமிஷம் இதை யோசிக்க வேண்டும். ஒரு ரூபாய் நாணயத்தைச் செங்குத்தாக மேலே சுண்டுகிறீர்கள். கையை விட்டு அகன்ற நாணயம் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. காற்றின் தடையைக் கணக்கில் கொள்ள வேண்டாம். அந்தக் கணத்தில் நாணயத்தின்மீது செயல்படும் விசைகள் எவை? கை கொடுத்த விசை மேல்நோக்கியும், பூமியின் இழுப்பு கீழ்நோக்கியும் செயல்படுகின்றன. முன்னது சிறுகச் சிறுகக் குறைந்து பின்னதற்குத் தோற்கும்போது நாணயம் விழத் தொடங்குகிறது என்று பதில் சொல்பவர்களே மிகப் பலர். பதில் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் தவறு. கை விலகியதோடு கையின் விசை தீர்ந்தது. ஏறும்போதும், உச்சியில் நிற்கும் அக்கணத்திலும், இறங்கும்போதும் நாணயத்தின்மீது இருப்பது பூமியின் இழுப்பு ஒன்றே. ஏற்கெனவே பெற்ற வேகத்தால் அது ஏறுகிறது. ஏறிக்கொண்டிருப்பதற்கென்று தனி விசை வேண்டுவதில்லை. நியூட்டனின் முதல் விதி கூறுவது இதைத்தான்.

அமெரிக்காவில் ஜான் கிளெமெண்ட் என்ற ஆசிரியர் எஞ்சினியரிங் மாணவர்களிடம் இக்கேள்வியைக் கேட்டு, 1982-ல் முடிவை வெளியிட்டார். பாடம் தொடங்குமுன் பெரும்பாலோர் தவறாகவே எழுதினர். அது வியப்பன்று. பாடம் முடிந்த பிறகு கேட்டபோதும் பெரும்பாலோர் தவறாகவே எழுதினர் என்பதே நம் கவனத்துக்கு உரியது. அவர்களைக் குறை கூற நமக்குத் தகுதி இல்லை. நாமும் மாணவப் பருவத்தில் நியூட்டனின் மூன்று விதிகளையும் ஆங்கிலத்தில் ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்து மார்க்கு வாங்கியவர்களே. நாணயக் கேள்வியை அன்று யாரேனும் கேட்டிருந்தால் விழித்திருப்போம். ஒருவரும் கேட்கவில்லை. பட்டம் கிடைத்தது, சட்டம் படிக்கப் போய்விட்டோம்.

இந்தத் தப்பபிப்பிராயம் மந்த புத்தியால் வருவதன்று. எறியப்பட்ட பொருளுக்குள் ஒரு தள்ளும் சக்தி புகுந்து, அது தீரும்வரை ஓடுகிறது என்று கிறிஸ்துவுக்குப் பின் 6-ம் நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியாவில் பிலொபோனஸ் கூறினார். 14-ம் நூற்றாண்டில் பாரிஸில் பூரிதான் அதைச் செம்மை செய்தார். நம் நாட்டு வைசேஷிகரும் அம்பின் ஓட்டத்தை விளக்க, அதில் பதியும் 'வேகம்' என்னும் ஸம்ஸ்காரத்தைக் கூறினர். பேரறிஞர்கள் பல நூற்றாண்டுகள் நம்பியிருந்த ஒன்றைப் பதினெட்டு வயதுப் பிள்ளையும் தன் கண்ணால் கண்டு, தன் புத்தியால் ஊகித்து நம்புகிறான். அப்படிச் சுயமாகப் பெற்ற எண்ணத்தின் மேலே ஒரு சூத்திரத்தை ஒட்டிவிட்டால் அடியிலுள்ளது அழிந்துவிடுமா?

அழிவதில்லை என்று அளந்து காட்டியவர்கள் அரிஜோனா ஸ்டேட் சர்வகலாசாலையைச் சேர்ந்த இப்ராஹிம் ஹலூனும் டேவிட் ஹெஸ்டெனிஸும் ஆவர். கணக்குப் போடத் தேவையில்லாத, சாதாரணச் சொற்களாலான ஒரு கேள்வித்தாளை அவர்கள் தயாரித்தனர். அதில் தவறான விடைகள் ஆசிரியரின் கற்பனையில் தோன்றியவை அல்ல. முதலில் மாணவர்களைத் தம் சொந்த வார்த்தையில் விடை எழுதச் செய்து, அவர்கள் எழுதிய தவறுகளையே பொறுக்கி, சரியான விடைக்குப் பக்கத்தில் நிறுத்தினர். இதே பாடத்தை நான்கு ஆசிரியர்கள் நான்கு விதமாகப் போதித்துவந்தனர். ஒருவர் வகுப்பில் சோதனைகள் பல செய்து காட்டுபவர், மற்றொருவர் புஸ்தகத்தை ஒட்டியே செல்பவர். நால்வரின் மாணவர்களும் அடைந்த அபிவிருத்தி ஏறக்குறைய ஒன்றே, அதுவும் சொற்பமே என்று 1985-ல் அவர்கள் எழுதினர். 1992-ல் ஹெஸ்டெனிஸும் வேறிருவரும் அக்கேள்வித்தாளைத் திருத்தி விசையைப் பற்றிய புதிய சோதனையொன்றை வெளியிட்டனர். இன்று வழங்குவதில் 30 கேள்விகள். பெரிய லாரியும் சிறிய மோட்டார் காரும் நேருக்கு நேர் மோதினால் எது எதன்மீது அதிக விசை செலுத்துகிறது என்பது அவற்றுள் ஒன்று. இரண்டும் சமமாகவே செலுத்துகின்றன. சேதத்தில்தான் வித்தியாசம்.

ஹார்வர்டில் பௌதிகம் போதிக்கும் எரிக் மஸூர் தம்மைச் சிறந்த ஆசிரியர் என்று எண்ணியிருந்தவர். மாணவர்களும் அவ்வாறே மதிப்பிட்டிருந்தனர். 1990-ல் ஹெஸ்டெனிஸின் கட்டுரையைப் படித்தபோது, தம் மாணவர்களுக்கு இது பொருந்தாது என்று நினைத்தே அவர் கேள்வித்தாளைக் கொடுத்தார். அப்போது ஒரு மாணவி எழுந்து, தாங்கள் போதித்தபடி விடை எழுதுவதா, அல்லது நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதுவதா என்று கேட்டாளாம். அந்தப் பெண் ஒரு தலைக்குள் இரண்டு பௌதிக சாஸ்திரங்களை வைத்திருந்தாள். பரீட்சைக்கு ஒன்று, உலகத்துக்கு ஒன்று. மஸூர் மேலும் சோதித்தார். பல வளையங்களுள்ள மின்சாரச் சுற்றில் மின்னோட்டத்தைக் கணக்கிடச் சொன்னபோது நன்றாகச் செய்த மாணவர்கள், சில பல்புகளும் ஒரு சுவிட்சும் உள்ள எளிய சுற்றில் சுவிட்சைப் போட்டால் எந்தப் பல்பு பிரகாசிக்கும், எது மங்கும் என்று கேட்டபோது தடுமாறினர்.

வக்கீல் தொழில் பழகியவர்களுக்கு இது பழைய அநுபவம். சொல்லிக்கொடுத்து அழைத்து வந்த சாட்சி முதல் விசாரணையில் மணி மணியாகச் சொல்லுவான். எதிர்க் கக்ஷி வக்கீல் எழுந்து, சம்பவம் நடந்தபோது நிழல் எந்தப் பக்கம் விழுந்தது என்று கேட்டால் போதும். சாட்சி கூரையைப் பார்ப்பான். நம் சர்வகலாசாலைப் பரீட்சைகளில் முதல் விசாரணை உண்டு. குறுக்கு விசாரணை இல்லை.

இந்தக் குறை பௌதிகத்தோடு நிற்பதுமன்று. 1987-ல் வெளியான அமெரிக்கப் படமொன்றில், ஹார்வர்டின் பட்டமளிப்பு விழாவன்று பட்டதாரிகளும் ஆசிரியர்களும் அடங்கிய 23 பேரிடம் கோடையும் குளிரும் ஏன் வருகின்றன, அல்லது சந்திரன் ஏன் தேய்கிறது என்று கேட்டனர். 21 பேர் தவறாகச் சொன்னார்கள். பூமி சூரியனுக்கு அருகே செல்லும்போது கோடை என்பது பலர் சொன்ன விடை. உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகே இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர் தூரத்தில். அதாவது நாம் மார்கழிப் பனியில் போர்வையை இழுத்துக்கொள்ளும் நாட்களில். பருவங்களுக்குக் காரணம் பூமியின் அச்சு சாய்ந்திருப்பதே. மரத்தின் கட்டை பெரும்பாலும் எதிலிருந்து உண்டாகிறது என்று நம் பட்டதாரிகளையும் கேட்டுப் பாருங்கள். மண்ணிலிருந்து என்பார்கள். காற்றிலுள்ள கரியமில வாயுவிலிருந்து என்று சொல்ல வாய் வராது, அந்த வாயுவின் சமன்பாட்டைப் பிழையின்றி எழுதியவர்களுக்கும்.

நிற்க. தப்பபிப்பிராயத்தை நீக்கிவிட்டால் சிந்திக்கும் திறன் தானே வந்துவிடுமா? இதற்கு 2009-ல் லெய் பாவ் என்பவரும் அவர் தோழர்களும் 'சயன்ஸ்' பத்திரிகையில் வெளியிட்ட ஆராய்ச்சி நம்மை உறுத்த வேண்டும். சீனாவிலும் அமெரிக்காவிலும் சர்வகலாசாலையில் புதிதாகச் சேர்ந்த விஞ்ஞான, எஞ்சினியரிங் மாணவர்களை அவர்கள் ஒப்பிட்டனர். சீனப் பிள்ளைகள் பள்ளியிலேயே ஐந்து வருஷம் இடைவிடாது பௌதிகம் படித்தவர்கள். மேற்படி விசைச் சோதனையில் அவர்கள் சராசரி நூற்றுக்கு 86 அளவில் வாங்கினர். அமெரிக்கர் 49 அளவில். பிறகு லாஸன் என்பவரின் யுக்திச் சோதனையைக் கொடுத்தனர். அதில் 24 கேள்விகள். விடைக்கு ஒன்று, அதன் காரணத்துக்கு ஒன்று என்று ஜோடி ஜோடியாக வருபவை. நீளத்திலும் கனத்திலும் வேறுபட்ட மூன்று ஊசல்களைக் காட்டி, நீளத்தால் ஆடும் நேரம் மாறுகிறதா என்று அறிய எவ்விரண்டை ஒப்பிடுவாய், ஏன் என்று கேட்பார்கள். ஒன்றை மாற்றும்போது மற்றதை மாறாமல் வைக்கத் தெரிகிறதா என்பதே விஷயம். இதில் சீனரும் அமெரிக்கரும் ஏறக்குறைய 75 வாங்கிச் சமமாக நின்றனர். ஐந்து வருஷக் கடும் படிப்பு பௌதிகத்தைத் தந்தது. யுக்தியை ஒரு படியும் உயர்த்தவில்லை.

நுழைவுப் பரீட்சைகளுக்காகப் பிள்ளைகளை விடியற்காலையில் எழுப்பி, நள்ளிரவு வரை பயிற்சி நிலையங்களில் அடைத்து வைக்கும் நம் நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி வேறு என்ன இருக்கிறது? நிலத்தை விற்றும் நகையை அடகு வைத்தும் ஒரு தகப்பன் கட்டும் பணத்துக்கு, மருந்து வேலை செய்ததா, நோய் தானே தீர்ந்ததா என்று பிரித்தறியும் புத்தியாவது மகனுக்குக் கிடைக்கிறதா என்பதை இன்று ஒருவரும் பரீட்சிப்பதில்லை.

வழி இல்லாமல் இல்லை. 62 வகுப்புகளில் படித்த 6,542 மாணவர்களின் கணக்கை 1998-ல் ரிச்சர்ட் ஹேக் வெளியிட்டார். பாடத்துக்கு முன் தெரியாதிருந்ததில் எத்தனை பங்கு பின்னர் தெரிந்தது என்பதே அவர் அளவுகோல். ஆசிரியர் பேச மாணவர் கேட்டிருந்த 14 வகுப்புகளில் அது நூற்றுக்கு 23. மாணவரை யோசிக்கவும் தம்முள் வாதிக்கவும் வைத்த 48 வகுப்புகளில் அது 48. மஸூரும் தம் முறையை மாற்றிக்கொண்டார். பாடத்தை வீட்டில் படித்து வரச் செய்து, வகுப்பில் ஒரு கேள்வியை வைத்து, விடையைத் தனித்தனியே வாங்கி, பக்கத்திலிருப்பவனோடு வாதாடவிட்டு, மறுபடியும் விடை வாங்குவார்.

சர்வகலாசாலை அதிகாரிகள் சொல்லப்போகும் ஆக்ஷேபங்கள் நமக்குத் தெரியும். பாடத்திட்டம் முடியாது என்பார்கள். முடிந்த பாடத்திட்டம் என்ன செய்தது என்று மேலே கூறினோம். பொறுக்கி எழுதும் விடையால் மனத்தை அளக்க முடியாது என்பது இன்னொன்று. இதில் நியாயம் உண்டு. ஹெஸ்டெனிஸின் சோதனை உண்மையில் எதை அளக்கிறது என்று 1995-ல் ஹஃப்மனும் ஹெல்லரும் கேட்டனர். அந்த விவாதம் நெடுங்காலம் நடந்தது. ஆனால் குறையுள்ள வெப்பமானி, வெப்பமானியே இல்லாமையைவிட மேல். பயிற்சி நிலையங்கள் இதற்கும் 'கைடு' போட்டுவிடும் என்ற பயமே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. ஆகையால் இச்சோதனைக்கு மார்க்கு கூடாது. ஜயமும் தோல்வியும் கூடாது. கேள்வித்தாள்களைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். பாடத்தின் முதல் வாரத்தில் ஒருமுறை, கடைசி வாரத்தில் ஒருமுறை. கல்லூரி வாரியாக முடிவை வெளியிட வேண்டும், மாணவர் பெயர் வாரியாக அன்று. கௌரவ விரிவுரையாளர் என்ற பெயரில் சொற்பச் சம்பளத்துக்கு உழைக்கும் உபாத்தியாயர்மீது பழியைப் போட இதை ஓர் ஆயுதமாக்கவும் கூடாது. கூண்டில் நிற்க வேண்டியது போதனை முறை.

ஒன்று மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல விரும்புகிறோம். அமெரிக்கக் கேள்வித்தாளை மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டுக் கடமை தீர்ந்தது என்று இருந்துவிடக் கூடாது. 'விசை' என்று நம் பாடபுஸ்தகம் எழுதுகிறது. பந்து விசையாக வந்தது, விசையாக நட என்று தமிழர் பேசும்போது அதே சொல்லுக்கு வேகம் என்று பொருள். ஓடும் பொருளுக்குள் விசை இருக்கிறது என்ற தப்பபிப்பிராயத்தை நம் பேச்சே பிள்ளைக்கு ஊட்டிவிடுகிறது. 'நிறை'யும் அப்படியே. நிறைகோல் என்றால் தராசு, நிறுப்பதென்றால் எடை போடுவது. பாடபுஸ்தகமோ நிறை வேறு, எடை வேறு என்கிறது. சொல்லை மாற்றச் சொல்கிறோமில்லை. இச்சொற்களைக் கேட்கும்போது தமிழ்ப் பிள்ளையின் மனத்தில் என்ன எழுகிறது என்பதை யாரேனும் அவன் வாயால் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும் என்கிறோம். பம்பாயில் 1974-ல் ஏற்பட்ட ஹோமி பாபா விஞ்ஞானக் கல்வி நிலையம் மாணவர்களின் இத்தகைய எண்ணங்களை ஆராய்ந்து வந்திருக்கிறது. வழிகாட்டிக்கு அந்நிய தேசம் போக வேண்டியதில்லை.

இதற்கு வேண்டியது ஒரு மணி நேரம், சில தாள், ஒரு பென்சில். நம் சர்வகலாசாலைகளில் ஏதேனும் ஒன்று வரும் ஜூன் மாதத்தில் முதலாண்டு மாணவர்களிடம் நாணயக் கேள்வியைத் தமிழில் வைத்து, அவர்கள் சொந்த வார்த்தையில் எழுதும் விடைகளைத் திரட்டித் தருமானால், அவற்றைப் பிரசுரிக்க நம் பத்திரிகையில் இடம் ஒதுக்குகிறோம்.