வீட்டுக்கு வரும் வாத்தியாரும் இடையில் நிற்கும் தரகும்

நாச்சியார்கோவில் வாசிகளான பெரியோர்களுக்கும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் தாய்மார்களுக்கும், சிங்கப்பூரில் குடியேறிவிட்ட உங்கள் ஊர்ப் பெண் எழுதும் மடல்.

சென்ற மாதம் என் தம்பி மனைவி தொலைபேசியில் பேசியபோது, வெளியூர் நிறுவனம் ஒன்றைச் சேர்ந்தவர்கள் நம் கடைத்தெருவிலும் பள்ளிக்கூட வாசலிலும் துண்டுப் பிரசுரம் கொடுத்துவிட்டுப் போனார்கள் என்றும், கணக்கு, ஆங்கிலம், விஞ்ஞானம் எதுவானாலும் ஆசிரியரைத் தேடி வீட்டுக்கே அனுப்பிவைப்பதாக அதில் அச்சிட்டிருந்தது என்றும், அவர்கள் மூலமாக ஏற்பாடு செய்வதா, தெரிந்தவர்களை நாமே நேரில் அமர்த்திக்கொள்வதா என்று தெருவில் ஒரே ஆலோசனையாக இருக்கிறது என்றும் சொன்னாள். அவளுக்கு மட்டும் பதில் சொல்லி நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஏனெனில் இந்த விஷயத்தின் இரண்டு கரைகளிலும் நான் நின்றிருக்கிறேன். இத்தகைய முகவர் நிலையம் அனுப்பிய ஆசிரியையாகப் பிறர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறேன், என் மகனுக்கு ஆசிரியர் வேண்டி அதே போன்ற நிலையத்தின் தயவையும் நாடியிருக்கிறேன்.

நான் இங்கே துணைப்பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியது 2003ஆம் ஆண்டில். டியூஷனை இவ்வூரில் அப்படித்தான் சொல்வார்கள். தமிழ் இந்நாட்டின் ஆட்சிமொழிகள் நான்கில் ஒன்று. ஆறாம் வகுப்பின் முடிவில் எழுதும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஆகியவற்றோடு தாய்மொழியும் ஒரு பாடம். ஆகையால் வீட்டில் தமிழ் பேசாத குடும்பங்களும் தமிழாசிரியரைத் தேடின. நான் பெயர் பதிந்திருந்த நிலையத்திலிருந்து கைத்தொலைபேசிக்குக் குறுஞ்செய்தி வரும்: தொடக்கநிலை ஐந்து, தமிழ், உட்லண்ட்ஸ், வாரம் இரு முறை, ஒன்றரை மணி நேரம், மணிக்கு 20 வெள்ளி, அதாவது டாலர். அவ்வளவுதான். அந்தப் பிள்ளையின் பெயரில்லை, குணமில்லை, அதற்கு எது வருகிறது எது வரவில்லை என்ற தகவல் ஒரு சொல்லும் இல்லை.

போய்ப் பார்த்தால், அந்தச் சிறுமி பாட்டி பேசுகிற தமிழை முழுவதும் புரிந்துகொண்டாள். பாடப்புத்தகத் தமிழைத்தான் அந்நிய பாஷையாகப் பாவித்தாள். பேச்சுத் தமிழ் நன்றாக வருவதும் ஒரு பலம் என்பதையே நான் அப்போதுதான் அறிந்தேன். அவளுடைய பலம் எதுவென்று பாட்டிக்குத் தெரிந்திருந்தது. ஆனால் பாட்டியை யாரும் கேட்கவில்லை. நான் உட்கார்ந்து கேட்டேன். மூன்றாம் வாரத்திலிருந்து பாட்டி, பேத்தி, நான் மூவருமாகச் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி அமர்ந்து சம்பாஷிப்பதையே பாதிப் பாடமாக வைத்துக்கொண்டோம்.

மாத முடிவில் அந்தத் தாய் என் கையில் 240 வெள்ளி கொடுத்தார். அதில் 120 வெள்ளியை நான் நிலையத்துக்குக் கட்டினேன். முதல் மாதச் சம்பளத்தில் பாதி தரகு என்பது இங்கே பரவலாக வழங்கும் ஏற்பாடு. பெற்றோரிடம் நிலையம் ஒரு காசும் கேட்பதில்லையாதலால், சேவை இலவசமென்றே அந்தத் தாய் எண்ணியிருந்தார். ஆறு மாதம் கழித்துத் தற்செயலாக உண்மை தெரிந்தபோது அவர் முகம் வாடிவிட்டது. 'என் பிள்ளைக்கென்று கொடுத்த பணமல்லவா?' என்றார். நம் பக்கத்து மாட்டுச் சந்தையில் துண்டைப் போர்த்தி, அதன் அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் தரகரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மாட்டுக்கு அது பொருந்தலாம். ஒரு குழந்தைக்கு எழுத்தறிவிப்பவரின் ஊதியம் துண்டுக்கு அடியில் பேசப்படுவது எனக்கு அன்றும் சம்மதமில்லை, இன்றும் சம்மதமில்லை.

தொகை மட்டும் பிரச்னையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஆசிரியரும் மாணவரும் நான்கு வருஷம் ஒன்றாக இருந்தால் நிலையத்துக்கு ஒரே தரகு. அதே காலத்தில் நான்கு ஆசிரியர்கள் மாறினால் நான்கு தரகு. ஒவ்வொரு நிலையமும் இப்படிக் கணக்குப் பார்த்து நடந்துகொள்கிறது என்று குற்றம் சாட்ட எனக்கு ஆதாரமில்லை. ஆயினும், பந்தம் நீடிப்பதில் லாபமில்லாத ஒருவரை அந்தப் பந்தத்துக்குக் காவலாக வைப்பது விவேகமாகுமா என்று நீங்களே யோசியுங்கள்.

2014இல் என் மகனுக்குக் கணிதம் தடுமாறியபோது, எனக்கு அந்தத் துறையில் எவரையும் தெரியாத காரணத்தால், வேறொரு நிலையத்தை நாடினேன். கல்வி அமைச்சின் முன்னாள் ஆசிரியர் என்று சொல்லி ஒருவரை அனுப்பினார்கள். அந்த யோக்கியதைக்கு ஏற்ப மணிக்கூலியும் அதிகம். இந்நாட்டுப் பள்ளி ஆசிரியர்கள் தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சி பெறுகிறவர்கள். அந்தச் சான்றிதழைப் பார்க்கலாமா என்று இரண்டாவது மாதத்தில் நான் தயக்கத்துடன் கேட்டபோது, அவர் சில மாதங்கள் தற்காலிகமாகப் பள்ளியில் வேலை பார்த்தவர் என்பது தெரியவந்தது. அவர் எழுதிக்கொடுத்ததை நிலையம் அப்படியே எனக்கு ஒப்பித்திருக்கிறது. அவரைக் குறை சொல்லமாட்டேன். பையனிடம் பிரியமாகவே இருந்தார். முதல் நாளே கேட்காதது என் பிழை. 'நிலையம் பார்த்திருக்கும்' என்று நான் நம்பினேன். 'பெற்றோர் பார்த்துக்கொள்வார்கள்' என்று நிலையம் நம்பியது போலும்.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். நான் முறையிட்ட மூன்றாம் நாளே வேறோர் ஆசிரியரை அனுப்பினார்கள். அந்த இளைஞர் என் மகனை இரண்டு வருஷம் கைபிடித்து நடத்தினார். அடுத்த வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாத அடுக்குமாடி வாழ்க்கையில், மூன்று நாளில் அப்படி ஒருவரை நானாகத் தேடிப் பிடித்திருக்க முடியாது. முகவர் நிலையம் விற்பது அறிமுகம் என்கிற ஒரே பண்டத்தை. அறிமுகமே இல்லாத இடத்தில் அதற்கு விலை உண்டு, அதைக் கொடுப்பதிலும் தவறில்லை. இந்நாட்டுக் குடும்பங்கள் துணைப்பாடத்துக்குச் செலவழித்த தொகை 2018ஐ ஒட்டிய கணக்கெடுப்பில் ஆண்டுக்கு 140 கோடி வெள்ளியாக இருந்து, 2023இல் 180 கோடியாக உயர்ந்திருக்கிறது. இவ்வளவு பணம் புழங்குமிடத்தில், பத்துப் பேருக்கோ அதற்கு மேலோ பாடம் நடத்தும் துணைப்பாட நிலையம் கல்வி அமைச்சிடம் பதிவு செய்யவேண்டும் என்று சட்டமிருக்கிறது. தனியாக வீடு தேடிப்போகும் ஆசிரியருக்கு அப்படிப் பதிவு கிடையாது. ஆகவே கண்ணைத் திறந்து பார்க்கவேண்டிய பொறுப்பு, முகவர் நிலையம் மூலமாக வந்தாலும் நேரில் வந்தாலும், பெற்றோரிடமே நிற்கிறது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். நம் ஊர்க் குத்துவிளக்கு வாங்க வரும் வெளியூர்க்காரருக்கு எந்தப் பட்டறையின் வார்ப்பு சுத்தமானது என்று சொல்ல ஒரு வழிகாட்டி தேவைப்படலாம். உலையின் வெப்பம் முகத்தில் படுகிற தூரத்தில் குடியிருக்கிற நமக்கு எதற்கு? பி.எட். முடித்துவிட்டு ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள்! பள்ளியில் பணிபுரியும் ஆசிரியர் தனியாகப் பாடம் நடத்தலாகாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 28ஆம் பிரிவில் தடுத்திருப்பதால், அந்த நிறுவனத்தாரும் கடைசியில் இவர்களைத்தான் தேடி வரவேண்டும். நம் வீட்டுப் பெண்ணின் பெயரைப் பதிவு செய்துகொண்டு, அவளை நமக்கே அறிமுகப்படுத்தி, அவள் சம்பளத்தில் பங்கு எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு நாம் ஏன் சம்மதிக்கவேண்டும்?

இவ்வளவு தெரிந்தும் நம்மவர்கள் அந்தத் துண்டுப் பிரசுரத்தை மடித்துப் பத்திரப்படுத்துகிறார்களே, அதன் காரணத்தை நான் அறிவேன். தெரிந்தவர்களிடம் பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு நமக்குக் கூச்சம். இதைச் சொல்ல என் வீட்டுக் கதையையே எடுத்துக்கொள்கிறேன்.

1986இல் எனக்கு இயற்கணிதம் சொல்லிக்கொடுக்க ஓய்வு பெற்ற உபாத்தியாயர் ஒருவர் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வருவார். மாதம் 15 ரூபாய் என்று பேச்சு; அதுவும் அவர் வாயால் சொன்னதல்ல, அடுத்த தெருவில் அப்படிக் கொடுக்கிறார்கள் என்று நாங்களே அனுமானித்தது. என் தகப்பனார் பட்டறையில் கூலிக்கு வேலை செய்தவர். விளக்கு விற்றால்தான் வீட்டில் பணம். 'விற்றதும் தந்துவிடுகிறேன், சார்' என்பார் அப்பா. 'அதற்கென்ன, பார்த்துக்கொள்ளலாம்' என்பார் அவர். எட்டு மாதம் இப்படியே போயிற்று. ஒன்பதாம் மாதம் அவர் வரவில்லை. தமக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பினார். அப்பா அதன்பிறகு அவரைத் தொலைவில் கண்டால் வேறு தெருவில் திரும்பிவிடுவார். கேட்டால் அப்பா மனம் நோகுமே என்று அவரும், எதிரே போனால் தலைகுனிய நேருமே என்று அப்பாவும், ஒருவரையொருவர் மதித்த இரண்டு நல்ல மனிதர்கள், கடைசிவரை பேசிக்கொள்ளவே இல்லை. நான் அந்தத் திண்ணையில் ஒரு கணக்கைப் பாதியில் விட்டவள், விட்டவளாகவே நின்றேன்.

இங்கேயும் நேரில் அமர்த்தியவர்களிடம் எனக்கு இந்தத் துன்பம் நேர்ந்திருக்கிறது. மின்தூக்கி அருகே பேசிப் பழகிய ஒரு குடும்பத்தார், டிசம்பர் விடுமுறைக்குச் சம்பளம் உண்டா இல்லையா என்று முன்கூட்டிப் பேசாத காரணத்தால், இரண்டு மாதப் பாக்கியுடன் வீடு மாறிப் போனார்கள். முறையிட ஒருவருமில்லை. நீண்ட காலம் ஆசிரியத் தொழிலில் இருந்த ஒரு மூதாட்டி அப்போது எனக்கு ஒரு வழி சொன்னார்: ஒரே ஒரு தாள், இரண்டு பிரதி. எந்தக் கிழமை, எத்தனை மணி நேரம், மாதம் எவ்வளவு, எந்தத் தேதியில். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன, ஆசிரியர் ஊருக்குப் போனால் என்ன. நிறுத்துவதென்றால் எத்தனை நாள் முன்னால் சொல்வது. முதல் நாள் காபி ஆறுவதற்குள் எழுதிவிடலாம். அன்று முதல் என் மாணவர்கள் வீட்டில் எவரும் என்னைக் கண்டு ஒளிந்ததில்லை.

முகவர் நிலையத்திடமிருந்து நாம் கடன் வாங்கவேண்டியது அந்தத் தாளை எழுதவைக்கும் துணிவைத்தான். தன் தரகை மறைத்தாலும், மணிக்கு இவ்வளவு என்று முதலிலேயே பேசிவிடுகிற துணிவு அதற்கு இருக்கிறது. நம்மிடம் அது இல்லாததால்தான் அதை விலைக்கு வாங்கத் தயாராகிறோம்.

அவசரத்தின் காரணமாகவோ, உள்ளூரில் ஆள் கிடைக்காத பாடமாக இருப்பதாலோ, அந்த நிறுவனத்தாரிடம் போக வேண்டி வந்தால் தாராளமாகப் போங்கள். ஆனால் ஆசிரியர் கைக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்பதை அவர்கள் எதிரிலேயே ஆசிரியரிடம் கேளுங்கள். பட்டத்தையும் அடையாள அட்டையையும் உங்கள் கண்ணால் பாருங்கள். ஒரு மாதத்துக்கு மேல் முன்பணம் கொடுக்காதீர்கள். பாடம் கூடத்திலோ திண்ணையிலோ, வீட்டார் நடமாடும் இடத்தில், கதவு திறந்தபடி நடக்கட்டும். இதை நிறுவனம் அனுப்பியவருக்கு மட்டும் சொல்லவில்லை. நேற்றுவரை தூக்கி வளர்த்த பிள்ளையே வாத்தியாராக வந்தாலும் இதில் விதிவிலக்கு வேண்டாம். தெரிந்தவர் என்ற ஒன்றே குழந்தைக்குக் காப்பாகிவிடாது என்பதை எத்தனையோ வீடுகள் தாங்கமுடியாத விலை கொடுத்துக் கற்றிருக்கின்றன.

என் தம்பி மகனுக்குக் கணக்கு சொல்லித்தர ஆள் பார்த்தாயிற்று. அந்த உபாத்தியாயரின் பேத்திதான், பி.எஸ்ஸி., பி.எட். முடித்திருக்கிறாள். சம்பளம் என்ன என்று கேட்டதற்கு, 'உங்களால் முடிந்ததைக் கொடுங்கள், அக்கா' என்றாளாம். அந்தப் பதிலை ஏற்றுக்கொள்ளக் கூடாது, அவள் வாயால் ஒரு தொகை சொல்லும்வரை எழுந்து வராதே என்று தம்பி மனைவியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். மறுநாள் சொன்னாளாம், மாதம் 1,500 ரூபாய். தாள் எழுதி இருவரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஐப்பசி முதல் தேதியிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் மாலை ஆறு மணிக்கு, அதே திண்ணையில். மார்கழியில் நம் கோவில் கல் கருட சேவைக்கு ஊருக்கு வரும்போது, அவள் தாத்தாவுக்குச் சேரவேண்டிய எட்டு மாதப் பாக்கியை நானே அவளிடம் கொடுக்கப்போகிறேன்.