சினிமா எடுக்கணுமா? முதல்ல மூணு வருஷச் சாப்பாட்டுக் கணக்கைப் போடுங்க



சேலத்துல இருந்து ஏற்காடு போற ரோட்ல ஒரு பழைய வளைவு நிக்கும். மாடர்ன் தியேட்டர்ஸ். அங்க நின்னு செல்ஃபி எடுத்தவங்க நம்மள்ல நிறைய பேர் இருப்பீங்க. அந்த ஸ்டூடியோவை உருவாக்கின டி.ஆர்.சுந்தரம் 1907-ல் திருச்செங்கோட்டில் பிறந்தவர். தயாரிப்பாளர், இயக்குநர், முதலாளி எல்லாம் அவரே. தமிழ்ப் படம்னா கல்கத்தா, பம்பாய் போய் எடுத்துட்டு வந்த காலத்துல, 1935-ல் சேலத்திலேயே ஸ்டூடியோ போட்டார். 1937-ல் முதல் படம் 'சதி அகல்யா'. மலையாளத்தின் முதல் பேசும் படம் 'பாலன்' (1938), தமிழின் முதல் முழுநீளக் கலர் படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) எல்லாம் இந்தக் கம்பெனி எடுத்ததுதான். மொத்தம் நூறு படங்களுக்கு மேல.

இதைக் கேட்டதும் 'நம்ம ஊர்க்காரரே சாதிச்சிருக்காரு, நான் ஏன் வேலையை விட்டுட்டுப் படம் எடுக்கக் கூடாது?'னு தோணும். தப்பே இல்ல. ஆனா அவர்கிட்ட இருந்து எதை எடுத்துக்கணும்ங்கறதுதான் கேள்வி.

தைரியத்தைக் காப்பி அடிக்காதீங்க, முறையைக் காப்பி அடிங்க

சுந்தரம் வசதியான ஜவுளிக் குடும்பம். இங்கிலாந்துல லீட்ஸ் வரைக்கும் போய் ஜவுளித் தொழில்நுட்பம் படிச்சவர். அவருக்குப் பின்னாடி பணம் இருந்தது. நம்மள்ல பல பேருக்குப் பின்னாடி இருக்கறது அப்பாவோட கொஞ்சம் நிலமும் நம்மளோட ஒரு பர்சனல் லோனும்தான். அதனால தைரியம்ங்கற பாடம் நமக்கு அப்படியே ஒத்து வராது.

ஒத்து வர்ற பாடம் வேற. அவர் ஸ்டூடியோவை ஒரு மில் மாதிரி நடத்தினார். நடிகர்கள், எழுத்தாளர்கள், டெக்னீஷியன்கள் எல்லாருக்கும் மாசச் சம்பளம். நேரம்னா நேரம், பட்ஜெட்னா பட்ஜெட். ஒரே படத்தை நம்பி அவர் உக்காரலை. 1963-ல் அவர் இறந்த பிறகும் கம்பெனி நிக்கலை, மகன் ராமசுந்தரம் தொடர்ந்து நடத்தினார்.

நாமக்கல்காரங்களுக்கு இது சட்டுனு புரியும். ஒத்தை லாரி வச்சிருக்கறவரைக் கேட்டுப் பாருங்க: வண்டி நின்னாலும் டியூ நிக்காது. முதல் படம் எடுக்கற இயக்குநரும் ஒத்தை லாரிக்காரர்தான்.

இன்னிக்கு அந்த மாதிரி மாசச் சம்பளம் தர்ற ஸ்டூடியோ இல்ல. அதனால என் கருத்து இதுதான்: சுயாதீன இயக்குநர்னா தனக்குத் தானே சம்பளம் கொடுத்துக்கிறவர். அந்தச் சம்பளத்துக்கு வழி பண்ணாம ராஜினாமா லெட்டர் டைப் பண்ணாதீங்க.

கைத்தட்டல் முதல்ல வரும், பணம் மெதுவா வரும்

செழியனை எடுத்துக்கோங்க. 'கல்லூரி', 'பரதேசி' படங்களோட ஒளிப்பதிவாளர். இயக்குநரா அவர் எடுத்த 'டு லெட்' படத்தைத் தயாரிச்சது அவரோட மனைவி பிரேமா. 2017 நவம்பர்ல கொல்கத்தா திரைப்பட விழாவுல திரையிட்டாங்க. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் வந்தது. ஆனா தியேட்டருக்கு வந்தது 2019 பிப்ரவரியில. நடுவுல பதினஞ்சு மாசம். கவனிங்க, அவர் கையில இன்னொரு தொழில் இருந்தது.

அந்தப் படத்தோட கதையே நமக்கான பாடம். ஐடி சம்பளத்தால சென்னையில வாடகை எகிறின காலம். சினிமாவுல உதவி இயக்குநரா இருக்கற ஒருத்தர் குடும்பத்தோட வீடு தேடி அலையறார். 'என்ன வேலை பாக்கறீங்க?'னு வீட்டுக்காரர் கேக்கற அதே கேள்வியைத்தான் நாளைக்கு பேங்க்ல லோன் ஆபீஸரும் உங்ககிட்ட கேப்பார்.

அடுத்து பி.எஸ்.வினோத்ராஜ். 'கூழாங்கல்' 2021 பிப்ரவரியில ரோட்டர்டாம் விழாவுல டைகர் விருது வாங்கினது. இந்தியா சார்பா ஆஸ்கருக்கும் போனது. தயாரிப்பாளர்கள் விக்னேஷ் சிவன், நயன்தாரா. இவ்வளவு பெரிய பேர், இவ்வளவு பெரிய விருது. ஆனாலும் படம் ஓடிடிக்கு வந்தது 2023 அக்டோபர்ல. விருதுக்கு அப்புறம் 32 மாசம்.

இப்ப ஒரு கற்பனைக் கணக்கு. நீங்க 10 லட்சம் பர்சனல் லோன் எடுத்துப் படம் பண்றீங்கன்னு வைங்க. 14% வட்டி, 5 வருஷம். இஎம்ஐ சுமார் 23,270 ரூபாய். அந்த மாதிரி 32 மாசம் காத்திருந்தா, காத்திருக்கற நேரத்துல மட்டும் கட்டற தொகை 7.4 லட்சத்துக்கு மேல. விருது மேடையில நிக்கும்போதும் ஃபோனுக்கு டெபிட் மெசேஜ் வரும்.

அஞ்சு வருஷச் சேமிப்பு = மூணு வருஷச் சுதந்திரம்

சரி, என்ன பண்ணலாம்? நீங்க ராசிபுரத்துல இருந்து பெங்களூர் போய் வேலை பாக்கறீங்க, வயசு 24, சம்பளம் 55,000னு வைங்க. வாடகை, சாப்பாடு, வீட்டுக்கு அனுப்பறது எல்லாம் சேர்த்து மாசம் 30,000 இல்லாம ஓடாது. எழுதி, எடுத்து, வெளியிட்டு முடிக்க மூணு வருஷம் ஆகும்னு எடுத்துக்கிட்டா, 36 மாசத்துக்கு 10.8 லட்சம். இது கேமரா வாடகை இல்ல, நடிகர் சம்பளம் இல்ல. நீங்க உயிரோட இருக்கறதுக்கான செலவு மட்டும்.

மாசம் 15,000 ரூபாயை 7% வட்டியில ஆர்டி போட்டா 5 வருஷத்துல சுமார் 10.8 லட்சம். வட்டிக்கு வரி போக கொஞ்சம் குறையும். கிட்டத்தட்ட அதே தொகை. 29 வயசுல உங்களுக்கு நீங்களே மூணு வருஷம் சம்பளம் கொடுக்கலாம்.

'அதுக்குள்ள ஆர்வம் செத்துடுமே'னு கேப்பீங்க. நியாயமான பயம். மாசச் சம்பளத்தோட சுகம் ஆளைக் கட்டிப் போடும், அதையும் ஒத்துக்கறேன். ஆனா அந்த அஞ்சு வருஷம் சும்மா இருக்கச் சொல்லலை. வருஷத்துக்கு ஒரு குறும்படம் எடுங்க. எடிட்டிங்கோ ஒளிப்பதிவோ, காசு வர்ற ஒரு கைத்தொழிலைக் கத்துக்கோங்க. வாரக் கடைசியில எழுதக் கூட முடியாதவருக்கு ராஜினாமா பண்ணினதும் திடீர்னு எழுத்து வந்துடும்னு நான் நம்பலை.

கடைசியா நாலு விஷயம்

1. ராஜினாமாவுக்கு முன்னாடியே சொந்தமா ஹெல்த் இன்ஷூரன்ஸ், டேர்ம் இன்ஷூரன்ஸ் எடுங்க. கம்பெனி பாலிசி கம்பெனியோட போயிடும்.

2. இருக்கற இஎம்ஐ எல்லாத்தையும் முடிச்சுட்டுக் கிளம்புங்க.

3. வருமான வரியில இயக்குநரும் 'திரைக் கலைஞர்' பட்டியல்ல வர்றார். மொத்த வரவுல பாதியை வருமானமாக் காட்டற எளிய முறை இருக்கு, அதுக்கு வரவு வரம்பும் உண்டு. ஆடிட்டர்கிட்ட கேளுங்க. வரவே இல்லாத வருஷத்துலயும் ரிட்டர்ன் தாக்கல் பண்ணுங்க. நாளைக்கு லோனுக்கு அதுதான் சாட்சி.

4. அப்பா நிலத்தை விக்காதீங்க. முதல் படம் ஓடலைன்னா உங்களுக்கு அது அனுபவம். அப்பாவுக்கு அது நிலம் போனது மட்டும்தான்.

கதைக்கு நம்ம மண்ணுல பஞ்சமே இல்ல. பெருமாள்முருகனோட 'வறுகறி' கதைதான் தமிழ் இயக்கத்துல 'சேத்துமான்' ஆச்சு. உங்க கதையும் ஒருநாள் வரலாம். முதல் படத்தோட வாழ்க்கை முடிஞ்சு போகாம, ரெண்டாவது படம் எடுக்கறவரைக்கும் தாக்குப் பிடிக்கணும். அதுக்குத்தான் இவ்வளவு கணக்கும்.

இந்தக் கணக்கை உங்க சம்பளத்துக்கு எப்படிப் போடறதுன்னு சேனல்ல வீடியோவா விளக்கியிருக்கேன். பாருங்க, சினிமா கனவோட சுத்தற உங்க ரூம்மேட்டுக்கும் அனுப்புங்க.