நாலெழுத்துக்கு ஒரு பதில்



ஆவணி பிறக்கப் போகிறது அல்லவா, இந்த முறை வந்த கடிதங்களில் கல்யாண வாசம் தூக்கல். லாஸ்பேட்டை வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: ‘பேரன் ரிசப்ஷன் கார்டில் அடியில் ஆர்.எஸ்.வி.பி. என்று அச்சடித்து, பக்கத்தில் என் மருமகன் போன் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். அச்சகத்தில் விசாரித்தால், எல்லாரும் போடுவதுதாம்மா என்கிறார்கள். அதற்கு என்னதான் அர்த்தம்?’

இந்தக் கேள்வி புதுச்சேரியிலிருந்து வந்திருப்பதுதான் வேடிக்கை. இங்கிலீஷ் கார்டில் இருக்கிறதே தவிர, அந்த நாலெழுத்தும் பிரெஞ்சு. ‘ரெப்போந்தே சில் வூ ப்ளே’ என்பதன் சுருக்கம்; தயவுசெய்து பதில் சொல்லுங்கள் என்று பொருள். லிசே என்ற பிரெஞ்சுப் பள்ளியில் படித்த பெரியவர் யாராவது உங்கள் தெருவில் இருந்தால், கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுவார். ஐரோப்பிய அரண்மனைகளில் பிரெஞ்சு பேசுவதுதான் கௌரவம் என்றிருந்த காலம் உண்டு. அந்த மோகத்தில் இங்கிலீஷ்காரர்கள் தங்கள் விருந்து அழைப்புகளில் இதை இரவல் வாங்கிக்கொண்டார்கள். அவர்களிடமிருந்து நமக்கு. பதினேழாம் நூற்றாண்டு தொடங்கி 1954 வரை, நடுநடுவே கைமாறிய காலம் போக, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் இது. அவர்கள் வாக்கியமே நமக்கு இங்கிலீஷ் வேஷத்தில் வந்து சேர்ந்திருக்கிறது! சிலர் இதற்கு முன்னால் ‘ப்ளீஸ்’ என்றும் சேர்த்துவிடுகிறார்கள். ப்ளீஸ் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. நம்மூர் ‘நடு சென்டர்’ மாதிரிதான்.

அர்த்தம் சொல்லியாயிற்று. ஆனால் வாசகியின் கார்டை நினைத்துப் பார்த்தபோது வேறொன்று உறுத்தியது. நம் அழைப்பிதழ்களை விரித்துப் பாருங்கள். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் இங்கிலீஷ். தமிழ்ப் பக்கத்தில் பிள்ளையார் சுழி, திருவளர்செல்வன், திருநிறைசெல்வி, ‘சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து வாழ்த்தியருள’, கடைசியில் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்று பெரியப்பா சித்தப்பா பெயர்கள். வாருங்கள் என்பதைத் தவிர அங்கே வேறு பேச்சே கிடையாது. இங்கிலீஷ் பக்கத்தில் மட்டும், வருவீர்களா மாட்டீர்களா என்று ஒரு கேள்வி ஓரமாக உட்கார்ந்திருக்கிறது. யாரும் அதைக் கேள்வியாகப் படிப்பதில்லை. மண்டபத்துக்கு வழி தெரியாவிட்டால் கூப்பிடுவதற்கான நம்பர் அது என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

காரணம் இருக்கிறது. நம் வீடுகளில் பத்திரிகை நேரில் போகும். தட்டில் வெற்றிலை பாக்கு, குங்குமம், மூலைகளில் மஞ்சள் தடவிய கார்டு. அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, ‘அன்றைக்கு முடியாதுங்க’ என்று யார் வாய் சொல்லும்? நல்ல காரியத்தில் இல்லை என்று சொல்லக் கூடாது என்பது நம் ரத்தத்தில் ஊறியது. ‘கண்டிப்பா வந்துடறோம்’ என்போம், வர முடியாது என்று அந்த நிமிடமே தெரிந்திருந்தாலும். இப்போது வாட்ஸ்அப் வந்து இன்னும் சௌகரியமாகிவிட்டது. ஒரு கும்பிடும் கையைத் தட்டிவிட்டால் போதும். அது வருகிறேனா, வரவில்லையா, வாழ்த்தா என்பது அனுப்பியவருக்கே வெளிச்சம்.

மாட்டிக்கொள்பவர் சமையல்காரர். அவருக்குத் தேவை ஒரே கேள்விக்குப் பதில்: ‘எத்தனை இலை?’ பெண் வீட்டாரும் பிள்ளை வீட்டாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். சமையல்காரரே, முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமையா, அதே நாளில் ஊரில் வேறு கல்யாணங்கள் உண்டா, கடலூர், விழுப்புரம் பக்கமிருந்து வேன் வைத்து வருகிறார்களா, மழை வருமா என்று கணக்குப் போட்டு ஓர் எண்ணைச் சொல்வார். குறைந்தால் கடைசிப் பந்தியில் பாயசம் இல்லை என்ற பேச்சு காலத்துக்கும் நிற்கும் என்று பயந்து, அதன் மேல் ஒரு பங்கு கூட்டிவிடுவார்கள். ராத்திரி மிஞ்சிய சாதத்தை என்ன செய்வது என்று அண்டாவைச் சுற்றி நின்றவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஆர்.எஸ்.வி.பி.யின் அருமை தெரியும்.

பதிலின் அருமை தெரிந்த ஊர்தான் இது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகளிடம், இந்தியாவோடு சேர்வதா என்று கேட்டார்கள். 170 பேர் ஆம் என்றார்கள். 8 பேர் வேண்டாம் என்றார்கள். அதுவும் பதில்தான், அதையும் எண்ணினார்கள். பிறகு, புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைக்க இரு நாடுகளும் 1956 மே 28 அன்று கையெழுத்திட்ட ஒப்பந்தம், 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்களுக்கு அதில் ஒரு வாய்ப்பு இருந்தது: பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காதவர்கள் தாமாகவே இந்தியக் குடிமக்கள். எழுதிக் கொடுத்தவர்கள் சில ஆயிரம் பேர். சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களின் குடும்பங்கள் அவர்களில் நிறைய. இன்றைக்கும் பிரான்ஸ் அதிபர் தேர்தலுக்குப் புதுச்சேரியில் ஓட்டுப் பெட்டி வைக்கிறார்கள் என்றால், அன்று எழுதிய அந்தக் கடிதங்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. எழுதாதவர்களில் வேண்டாம் என்று தீர்மானித்தவர்கள் உண்டு. ‘பார்த்துக்கலாம்’ என்றே ஆறு மாதத்தை ஓட்டியவர்களும் இருந்திருப்பார்கள். நம்மை நமக்குத் தெரியாதா?

அன்று எழுதிக் கொடுத்த குடும்பங்களின் பிள்ளைகள் பாரிஸ் பக்கம் நடத்தும் கல்யாணத்துக்கு உங்களுக்குக் கார்டு வந்தால், இன்ன தேதிக்குள் பதில் என்று தேதியே போட்டிருக்கலாம். அங்கே எண்ணி வைத்த தட்டு, பெயர் எழுதிய நாற்காலி. சொல்லாமல் போய் நின்றால் சங்கடம், சொல்லிவிட்டுப் போகாமலிருந்தால் அதைவிடச் சங்கடம். நமக்கு அவ்வளவு கறார் வேண்டாம். கூட நாலு பேரை அழைத்து வந்தாலும் இலை போட்டு உபசரிப்பது நம் பெருமை, அதை விட்டுவிடச் சொல்லவில்லை.

‘வர இயலாதவர்கள் மட்டும் தெரிவிக்கவும்’ என்று சில நவீன கார்டுகளில் பார்க்கிறேன். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் இது சரிப்படாது. ஒருவரும் போன் செய்ய மாட்டார்கள்; அத்தனை பேரும் வருவதாக நினைத்து வீட்டுக்காரர் உலை வைப்பார். அதற்குப் பதில் தமிழ்ப் பக்கத்திலேயே ஒரு வரி போடலாம்: ‘எத்தனை பேர் வருகிறீர்கள் என்று இன்ன தேதிக்குள் இந்த எண்ணில் சொன்னால் உபகாரமாக இருக்கும்.’ அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

லாஸ்பேட்டை அம்மாவுக்கு: பேரனுக்கு எங்கள் வாழ்த்துகள். போன் வந்தால் ஆள் கணக்கைக் குறித்துக்கொள்ளும்படி மருமகனிடம் சொல்லிவையுங்கள். மற்ற வாசகர்களுக்கு: இந்த ஆவணியில் உங்களுக்கு வரும் கார்டில் அந்த நாலெழுத்து இருந்தால், அந்த நம்பருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். வர முடியாது என்றால் கட்டாயம் போடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்